கஞ்சி போட்ட தூசிப் பை

கொதிக்கிற மோட்டாரும் சோற்றுக் கஞ்சியும் சேர்ந்து வாடை அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும்...

ஆவடி குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. நான் ஒன்பதாவது, தங்கை தேவி நாலாவது. அவளுக்கு வீசிங். துடைப்பம் போட்டுப் பெருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா யாரிடமோ சொல்லிவைத்து ஒரு பழைய வாக்குவம் க்ளீனர் வாங்கி வந்தார். குடம் மாதிரி உருண்டையாக இருக்கும். உள்ளே ஒரு துணிப் பை.

வாரம் ஒரு முறை அந்தப் பையை வெளியே கொண்டுபோய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உதறுவது என் வேலை. தேவி பக்கத்திலேயே வரக் கூடாது.

அந்த வருஷம் அவளுக்கு எக்கச்சக்க லீவு. "இன்னும் ஒரு வாரம் லீவு போட்டா மறுபடியும் நாலாவதுதான்" என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். வீட்டில் பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. இனி உதறினால் போதாது, பையைத் துவைத்தே தீருவது என்று.

குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் யூனிஃபார்முக்குக் கஞ்சி போடுகிற நாள். காட்டன் என்று எது கையில் கிடைத்தாலும் அந்த பக்கெட்டில் முக்கிவிடுவோம். கைப்பழக்கம்... பையையும் முக்கிவிட்டேன்! வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. பெருமையாக எடுத்து மாட்டினேன்.

மெஷின் அலறியது. தரையில் கிடந்த ஒரு முடிகூட நகரவில்லை.

அம்மா திருமுல்லைவாயில்காரி. "இன்னாடி இது, சும்மா கத்திகினு கீது? இழுக்கவே மாட்டேங்குது!" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சூட்டு வாடை. மோட்டார் நின்றேவிட்டது.

கட்டிலில் இருந்து தேவி கேட்டாள், "அக்கா... செத்துப்போச்சா?"

பையைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று போகவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, கஞ்சி!

வெந்நீரில் நாலு தடவை அலசினேன். ஊதினேன். இன்னும் அடைப்பு. மறுபடியும் வெந்நீர்.

"உடுடி, கை வெந்துடப் போவுது."

"நீ போம்மா. இன்னிக்கி இத நான் உடறதா இல்ல."

பை காய்கிற வரை வீட்டை அப்படியே விட முடியுமா? முட்டி போட்டு, மூலை மூலையாக ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் ஊதியபோது காற்று தாராளமாகப் போனது. நல்லவேளை, மோட்டார் கருகவில்லை. ஆறியதும் ஓடியது, இழுத்தது!

தேவி அந்த வாரம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அஞ்சாவதுக்கும் போனாள்.

இப்போது அம்பத்தூர் ஃப்ளாட்டில் என்னிடம் இருக்கிற மெஷினுக்குப் பையே கிடையாது. ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்றால் அதுவே சிவப்பு லைட் போட்டுச் சொல்லுமாம். அன்றைக்கு எங்களுக்கு லைட் எல்லாம் ஏது... தேவியின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், பை நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அந்த லைட் எரிந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எரிகிற வரைக்கும் நான் விட்டால்தானே!