தெளிந்த தண்ணீரில் காணாமல் போன படி

கால் வைத்தேன். படி இல்லை.

கண்ணுக்கு நேரே, தண்ணீருக்கடியில், பாசி பிடித்த ஓரத்தோடு பளிச்சென்று தெரிந்த படி. வைத்த கால் அதைத் தொடாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் உள்ளங்கால் கல்லில் 'தொம்' என்று மோத, கையிலிருந்த செம்பைக் காவேரியில் விட்டுவிட்டு, இடுப்புவரை நனைந்து, மேல்படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "பாத்து இறங்கக் கூடாதா?" என்றார்.

பார்த்துத்தானே இறங்கினேன்! பொறி தட்டியது அப்போதுதான். பார்த்ததால்தான் விழுந்தேன்.

அம்மாவும் இதே படியில்தான் விழுந்தாள், முந்தின வெள்ளிக்கிழமை. வாராவாரம் காவேரிக்கரையில் அம்மா மண்டபம் என்கிற இந்தப் படித்துறைக்குப் போய்க் காலை நனைத்து, பூஜைக்கு ஒரு செம்பு தண்ணீர் எடுத்துவருவது அவள் வழக்கம். அன்று முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டே வந்தாள். அப்பா பயத்தில் கத்தினார். "வயசாயிடுச்சு, கண்ணும் சரியில்ல. இனிமே ஆத்துப் பக்கமே போக வேண்டாம். பைப்புல வர்றதும் காவேரிதான்."

எப்போதும் பதிலுக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கிற அம்மா, "ஆமாங்க, வயசுதான்" என்றாள். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து வீட்டு வாசற்படியைக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அவளுக்குப் பதிலாகத்தான் இந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் செம்போடு போனேன்.

ஈரத்துணியோடு அங்கேயே நின்று பார்த்தேன். கரையில் படிகள் எல்லாம் ஒரே உயரம். தண்ணீருக்குள் போனதும் அதே கருங்கல் படிகள் குட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து மேலே ஏறி வருவதுபோல இருந்தன. ஒளிவிலகல்! கல்லிலிருந்து வருகிற ஒளி தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது திசை மாறுகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஒளி நேராகவே வந்ததாக நம்பி, அடியை மேலே தூக்கிக் காட்டிவிடுகிறது. நேர் மேலே இருந்து பார்த்தாலே நாலு அடி ஆழம் மூன்று அடியாகத்தான் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மோசம்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து முழு மார்க் வாங்கிய பாடம் இது. இப்போது திருச்சியில் காலேஜில் படிப்பதும் இயற்பியல்தான். தினமும் பஸ்ஸில் இதே ஆற்றைத்தான் தாண்டுகிறேன். அந்தப் படத்திலிருந்த தண்ணீரும் இந்தத் தண்ணீரும் ஒன்று என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லையே! அதிர்ச்சியாக இருந்தது. கொஞ்சம் கேவலமாகவும்.

வீட்டுக்கு ஓடினேன். எவர்சில்வர் டவராவில் ஒரு காசைப் போட்டு அம்மாவை எதிரே நிறுத்தினேன். "காசு விளிம்புல மறையற வரைக்கும் பின்னால போம்மா. மறைஞ்சுதா? அசையாத." தண்ணீரை ஊற்றினேன்.

"அடியே, காசு மேல வருதுடி!"

"வரலம்மா. அங்கேயேதான் கிடக்கு. நீ விழுந்த படியும் இப்படித்தான் ஏமாத்திச்சு. உன் கண்ணும் சரியா இருக்கு, காலும் சரியா இருக்கு."

அம்மா காசையும் என் ஈரச் சுடிதாரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இதையெல்லாம் படிச்ச நீ ஏன்டி விழுந்த? செம்பு எங்க?"

அப்பா ஹாலிலிருந்தே குரல் கொடுத்தார். "இத்தனை வருஷமா அதே படியிலதானே இறங்குறா? அப்பல்லாம் ஏன் விழல?"

அம்மாதான் யோசித்து யோசித்துச் சொன்னாள். "நான் போற நேரத்துக்கு எல்லாரும் குளிச்சுக் கலக்கி விட்டிருப்பாங்க. அடி தெரியாது. காலால தடவித்தான் இறங்குவேன். அன்னிக்கு வெள்ளனவே போயிட்டேன், ஒருத்தரும் இல்ல. கண்ணாடி மாதிரி இருந்துது. அதான் தெரியுதேன்னு காலை வச்சுட்டேன்."

கலங்கின தண்ணீரில் விழாதவள் தெளிந்த தண்ணீரில் விழுந்திருக்கிறாள்! அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து வந்தார். "எங்க, இன்னொரு தடவை ஊத்து."

ஆனாலும் அம்மா சுவரை விடவில்லை. காசு வேறு, படி வேறு என்கிறாள். அதனால் ஒட்டடைக் கம்பை எடுத்து, ஆடிப்பெருக்குக்கு வாங்கி மிச்சமிருந்த மஞ்சள் கயிறுகளை ஒரு படி உயரத்துக்கு ஒன்றாக அதில் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, ஆள் வருவதற்கு முன்னால், அதே இடத்தில் கம்பை நட்டுப் பிடிக்கப் போகிறேன். வெளியே தள்ளித் தள்ளி இருக்கிற கயிறுகள் தண்ணீருக்குள் நெருங்கித் தெரிய வேண்டும். அம்மா கரைப்படியில் நின்று பார்ப்பாள். அப்படித் தெரிந்தால், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, காலால் தடவி, ஒரே ஒரு படி இறங்கிப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.

"ஆனா நீ முதல்ல இறங்கு" என்றும்.