முதலாளியின் எனாமல் தட்டு

அந்த எனாமல் தட்டின் நீல விளிம்பு ஒரு பக்கம் பெயர்ந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே இருந்த எங்கள் சலவைக் கடையில், மாலை கடை சாத்தும்போது வாசலில் ஒரு முக்காலி போட்டு அதை வைப்பார்கள். வேலையாட்கள் வரிசையாக வந்து மடியையும் பையையும் அதில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். முதல் ஆள் முதலாளிதான். பொடி மட்டை, பாக்குவெட்டி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தலைப்பாகையையும் அவிழ்த்து உதறுவார். பிறகு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நான் செய்யாத குற்றமெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கோயிலில் பூசாரி விபூதி தந்தாலும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், சிறையில் ஆட்களை வெளியே விடுகிற காலையில் குடையோடு வாசலில் போய் நின்று, உள்ளே துணி துவைத்துப் பழகியவர்களாகத் தேடி அழைத்துவருவார். துணிக்குக் குறி போடும் வேலையில் இருந்த எனக்கு, யோக்கியன் என்று என் நெற்றியில் எழுதியிருப்பதாக எண்ணம். ஏன் இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“உள்ள போய்ட்டு வந்தவன எனக்குத் தெரியும்டா. போகாதவனுங்கதான் யாரு, என்னன்னு தெரியல,” என்றார், என்னையே பார்த்து.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கிள்ளான்காரர். துறைமுகத்தில் அரிசி மூட்டை திருடி உள்ளே போனவர். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. குற்றம் செய்யாதவனுக்கே வேலை இல்லை. கிள்ளானில் ஒரு கடை இவரைச் சேர்த்து, ஒரு விளக்கு காணாமல் போனதும் விரட்டிவிட்டது. விளக்கு பிறகு பரணில் கிடைத்ததாம். யாரும் இவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. “தீபாவளி வரைக்கும் ஒரே எடத்துல நின்னு காட்டு, புள்ளயக் கூட்டிக்கிட்டு வரேன்,” என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர் இஸ்திரிப் பெட்டியை விட்டு நிமிராமல் நின்றார். அப்படி நிமிராமல் நிற்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. துப்பறியும் மூளை அல்லவா.

தீபாவளி நெருங்கிய ஒரு மாலை, தட்டு வெளியே வருவதற்குள் துரை வீட்டு பட்லர் வந்து நின்றார். காலையில் சலவைக்குப் போட்ட சட்டைக் கையில் தங்கப் பொத்தான் இருந்ததாம். சட்டையை எடுத்துப் பார்த்தால் பொத்தானைக் காணோம்.

“உங்க ஜெயில் ஆளக் கேளுங்க முதலாளி. இல்லன்னா துரை போலீஸ்ல சொல்லிடுவாரு லா.”

எல்லோரும் கிள்ளான்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கிள்ளான் கடையிலும் அப்படித்தான் கிளம்பியிருப்பார் போலும்.

“எங்க போற? தட்டு இன்னும் வரல,” என்றார் முதலாளி.

தட்டு வந்தது. வழக்கம்போல அவர்தான் முதல். பொடி மட்டை விழுந்தது, பாக்குவெட்டி விழுந்தது. தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். தங்கப் பொத்தான் தட்டில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காலையில் எங்களை நம்பாமல் தானே கழற்றி முடிந்துவைத்து, மறந்திருக்கிறார். 

“எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த ஆளு மேல சந்தேகம்தான்,” என்றார், தன் நெஞ்சைத் தட்டி.

பட்லர் கையை நீட்டினார். “இருங்க, இன்னும் ஆளுங்க இருக்காங்க. நீங்களும்தான் பட்லரே.” முதலாளி யாரையும் விடவில்லை. பட்லர் பையிலிருந்து துரை வீட்டுச் சுருட்டு ஒன்று வந்தது. என் பையிலிருந்து வந்தவை முதலாளியின் மேசை டப்பாவில் இருந்த பாக்குகள். கிள்ளான்காரர் பையை வெளியே இழுத்துக் காட்டினார், நூல்கூட இல்லை. முதல் தடவையாக நிமிர்ந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு துண்டை மறுபடியும் சுவரில் மாட்டினார்.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இப்போது கிள்ளான்காரரிடம். தீபாவளிக்கு வந்த மனைவி துணி மடிக்கிறாள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், சட்டையைச் சலவைக்கு அங்கேதான் போடுகிறேன். போன வாரம் சாத்தும் நேரத்தில் போய் மாட்டிக்கொண்டேன். முக்காலியில் அதே தட்டு. அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் இங்க வேலைக்காரன் இல்லீங்களே, அண்ணே.”

“பரவால்ல, போடுங்க.”

போட்டேன். கைக்குட்டை, சீப்பு, அவர் மேசை டப்பாவிலிருந்து சற்றுமுன் எடுத்த இரண்டு பாக்கு.