வெப்பப் படத்தில் தெரியாத வலி

அந்தக் கேமரா திண்டிவனத்துக்கு வந்த அன்று ஆபரேஷன் தியேட்டரைக் காலி செய்துகொடுத்தோம். எங்கள் நர்சிங் ஹோமில் ஏசி இருந்த ஒரே அறை அதுதான். எண்பதுகளின் கடைசி. டாக்டர் சென்னை நண்பரிடம் சில மாதங்களுக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட்.

தோலில் எங்கே சூடு அதிகம், எங்கே குறைவு என்று அது படமாகக் காட்டும். சூடு ஏறிய தசை வெள்ளையாகத் தெரியும். நோயாளி சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பு அறையின் குளிருக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் அந்தோணிசாமி. விழுப்புரம் போகும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். ஸ்டியரிங்கை ஒடித்தால் வலது தோளில் உயிர் போகிறது என்றார். படத்திலும் அந்தத் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு. அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, மசாஜ், பயிற்சி என்று சில வாரங்கள் கொடுத்தேன். மறுபடி எடுத்த படத்தில் திட்டைக் காணோம். இரண்டு தோளும் ஒன்றுபோல இருந்தன.

"பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார் டாக்டர்.

"படத்துல போயிடுச்சுங்க. எனக்குப் போவல. விரலெல்லாம் மரத்துப் போவுது."

கூட வந்திருந்த பஸ் முதலாளிக்குக் கோபம். "மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லுது, இவன் வலிக்குதுன்றான். வண்டி சும்மா நின்னுக்கினு கீது. பேஜாரு பண்றான் சார்!"

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். "கழுத்து நரம்பா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குது சார். எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமே."

"இவ்ளோ தெளிவா படம் இருக்கும்போது சந்தேகம் எதுக்குய்யா?" என்று சொல்லிவிட்டு, அவர் பஸ் ஓட்டலாம் என்ற ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே ஒரு நாள், மயிலம் தாண்டி அந்தோணிசாமி பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்திருக்கிறார். "இதுக்கு மேல என்னால திருப்ப முடியாது. எல்லாரும் எறங்கிக்குங்க" என்றாராம். கண்டக்டர்தான் வந்து சொன்னார். அன்றே வேலை போனது.

சில மாதம் கழித்து, கண்டமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பாண்டிச்சேரியில் காட்டியதில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இனி ஆபரேஷன் செய்தாலும் கையில் பழைய பலம் வருமா என்பது சந்தேகம்தானாம். வலது கை அதற்குள் இளைத்து, சட்டைக்குள் தொளதொளவென்று தொங்கியது. மனைவிதான் பட்டன் போட்டுவிட்டார்.

"நான் நடிக்கலன்னு உங்களுக்காவது தெரியுமா சார்?"

"தெரியும் அந்தோணி. டாக்டர்கிட்ட சொன்னேன்."

"அவரு காதுல போட்டுக்கலையா?"

"இல்ல."

"என்னையும் அவரு கேக்கல" என்றார்.

அந்தக் கேமரா பொய் சொல்லவில்லை. தோலின் சூட்டைக் காட்டியது, சூடு தணிந்ததையும் காட்டியது. வலியை அதனிடம் போய்க் கேட்டது நாங்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கட்டும். படத்தைப் பிறகு பார்க்கலாம்.