கென் பாடின கசற்

கென் மோசம் போயிட்டார். நேற்று அவற்ர மகள் போன் எடுத்துச் சொன்னா… நித்திரையிலயே போயிருக்கிறார்.

தொண்ணூறுகளில கனடாவில, ஸ்காபரோவில ஒரு பெட்டி செய்யிற பக்ரறியில என்னோட வேலை செய்தவர். இங்கிலாந்துக்காரன். போர்க்லிப்ட் ஓடேக்க பாட்டும் ஓடும்.

ரொக் அண்ட் ரோல் இங்கிலாந்துக்கு வந்த புதுசில தான் பெரிய பாட்டுக்காரன் எண்டுவார். ஒரு ரெக்கோட்டும் வந்ததாம். டான்ஸ் ஹோலில பெட்டையள் இழுத்துக் கோட்டுக் கை கிழிஞ்சதாம்… பிறகு கிற்றார் பொடியள் செற் செற்றா வர, தன்னைச் சனம் மறந்திட்டுதாம்.

நாங்கள் தமிழ்ப் பொடியள் நம்பேல்லை. மனுசன் நல்லாப் புழுகுது எண்டு சிரிச்சம்.

அவருக்கு ரோசம் வந்திட்டுது. அடுத்த நாள் ஒரு கசற்றைக் கொண்டுவந்து என்ர கையில வச்சார். ஏதோ ஒரு ஹோலில அரை மணித்தியாலம் பாடினதைப் பதிஞ்சது. கேட்டன்… சும்மா சொல்லக்கூடாது, என்ன குரல்!

அந்தக் கிழமை சென் ஜேம்ஸ் ரவுணில எங்கட பில்டிங் அண்ணை ஒருத்தர் கொழும்புக்கு வெளிக்கிட்டார். அப்ப ஆராவது ஊருக்குப் போனால், வீட்டுக்காரருக்குக் கசற்றில கதைச்சுக் குடுத்துவிடுறதுதான் வழக்கம். என்னட்ட வெறுங் கசற் இல்லை.

இங்கிலீஷ் பாட்டுத்தானே, வேற கொப்பி வச்சிருப்பார் எண்டு நினைச்சு… கென்ர பாட்டுக்கு மேலயே அம்மாவோட கதைச்சுப் பதிஞ்சு அனுப்பிட்டன்.

திங்கட்கிழமை உண்மையைச் சொன்னன். "அது ஒண்டுதான் இருந்தது" எண்டார். கத்தேல்லை. ரெண்டு கிழமை என்னோட கதைக்கவுமில்லை. அவற்ர முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமாப் போச்சு.

மூண்டு மாசத்தால அம்மான்ர கடிதம் வந்தது. "தம்பி, நீ கதைச்சு முடிய ஒருத்தன் இங்கிலீசில கொஞ்சம் பாடுறான். நல்லாயிருக்கு. ஆரடா அவன்?"

லஞ்ச் நேரம் கென்னுக்கு வாசிச்சுக் காட்டினன். திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னார். "அது அம்மாவிட்டயே இருக்கட்டும்" எண்டிட்டு, என்ர மீன் ரோல்ஸில பாதியைக் கேக்காமலே எடுத்துச் சாப்பிட்டார்… கோவம் போயிட்டுது எண்டு விளங்கிச்சு.

பிறகு ஊரில சண்டை வர, அம்மா இடம்பெயர்ந்தா. கசற் வீட்டோட போச்சு. கென் அதைப் பற்றி மூச்சும் விடேல்லை. "அம்மா எங்க இருக்கிறா? சாப்பாடு கிடைக்குதோ?" எண்டுதான் ஒவ்வொரு திங்களும் கேட்டவர்.

நேற்று மகள் கேட்டா, செத்தவீட்டுச் சேர்விசில போட அப்பான்ர பாட்டு உங்களிட்ட இருக்கோ எண்டு. இல்லை எண்டு சொன்னன். அழிச்சதே நான்தானே.

அம்மா இப்ப கனடா வந்து, அஜக்ஸில எங்களோட. போனை வச்சிட்டு அவவிட்டச் சொன்னன்.

"ஆர், அந்தக் கசற்றில பாடினவரோ? கரண்ட் இல்லாத நேரம்… பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் மிதிக்க, டைனமோவில உன்ர குரலை எத்தினை தரம் கேட்டிருப்பன். கடைசியில அவரும் வருவார்."

சொல்லிப்போட்டு மெல்லமாப் பாடினா. சொல் ஒண்டும் சரியில்லை. மெட்டு அப்பிடியே.

போனில பதிஞ்சு மகளுக்கு அனுப்பினன். "இது அப்பா கோப்பை கழுவேக்க பாடுறது" எண்டு எழுதினா. சனிக்கிழமை சேர்விசில அதைத்தான் போடப்போகினமாம்.

போயிட்டு வாங்கோ கென். சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன்.