பெரிய கூடத்தில் வால்ஸ் ஆடக் கூடாது

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் கணவரே நம்பவில்லை. மழை ஈரத்தில் மரத்தரை அப்படித்தான் சத்தம் போடும் என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். நாற்பது பேர் நின்ற கூடத்தில், நல்ல வெளிச்சத்தில், இந்தக் காதால் கேட்டது இது. இருட்டைப் பார்த்து மிரண்டேன் என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் டென்மார்க்கில் ஜூன் மாதம் இருட்டுவதற்குள் பாதி ஊர் தூங்கிவிடும்.

என் தங்கை மெரேதேவின் கல்யாணம். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஜமீன் மாளிகை இப்போது மியூசியம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். நடந்தால் அங்கேதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள் மெரேதே. நானும் அவள் பக்கம். எங்கள் அம்மா வழிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மாளிகையின் தரையைத் துடைத்தவர்கள். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் தேய்ந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அதே தரையில் கல்யாண உடையோடு ஆட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

விருந்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. யார் பேசுவது, எப்போது பாடுவது, எப்போது ஆடுவது, எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். விருந்தாளிகளுக்குத் தகவல் எழுதி அனுப்பியதும் நான்தான். மியூசியத்தைக் கவனிக்கும் இங்கர் என்ற அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டிகளைத் தொழுவத்துக்குப் பின்னால் நிறுத்தவும். மெழுகுவர்த்தி, சிவப்பு ஒயின் உள்ளே கூடாது. கயிறு கட்டிய நாற்காலிகளில் உட்காரக் கூடாது. மணமக்கள் மேல் அரிசி தூவுவதை முற்றத்திலேயே முடித்துக்கொள்ளவும். வாசலில் தரும் கம்பளி உறையை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும்.

கடைசியாக இங்கர் ஒன்று சொன்னார். பெரிய கூடத்தில் சாப்பிடலாம், பாடலாம். மணமக்கள் ஜோடியாக ஆடும் கல்யாண வால்ஸ் மட்டும் அங்கே வேண்டாம். தானியக் கொட்டகையில் ஆடிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்டேன். தரை பழையது என்றார். நாற்பது பேர் உட்கார்ந்து தின்னத் தாங்கும் தரை இரண்டு பேர் ஆடத் தாங்காதா? எனக்குச் சுருக்கென்றது. துடைக்க நாங்கள், ஆட வேறு யாரோ. அந்த விதியை மட்டும் நான் எழுதவில்லை. "வால்ஸ் எட்டரைக்கு, பெரிய கூடத்தில்" என்று எழுதி அனுப்பினேன்.

அன்று காலையிலிருந்தே மழை. விருந்து ஆறு மணிக்குத் தொடங்கியது. பிரெபென் மாமா எழுந்து மாப்பிள்ளை எஸ்கிலைக் கிண்டல் செய்து பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் தடவை கேட்டது.

டக்... டக்... டக்...

சுவரை ஒட்டி யாரோ நடக்கிற சத்தம். கெட்டியான அடிப்பாகம் வைத்த காலணி. யாரோ உறையைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். மாமாவின் பேச்சை நிறுத்தி, எல்லோரும் காலைக் காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே காட்டினார்கள். நாற்பது ஜோடிச் சாம்பல் நிறக் கம்பளி.

"கூன்வோருக்குப் பள்ளிக்கூட நெனப்பு. அடுத்து நகத்தைக் காட்டச் சொல்லுவா" என்றார் மாமா, என்னைக் காட்டி.

எட்டேகாலுக்கு மேசைகளை ஓரமாக ஒதுக்கினோம். இங்கர் வந்து பார்த்தார்.

"வேணாம்னு சொன்னேனே, கூன்வோர்."

"தரை ஒடஞ்சா நான் கட்டித் தரேன்."

இங்கர் கூடத்தின் நான்கு கதவுகளையும் அகலத் திறந்து, மூடாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். பிறகு மழையில் இறங்கிப் போய்விட்டார். குடைகூட எடுக்கவில்லை.

எட்டரை. வயலின் தொடங்கியது.

எங்கள் வால்ஸ் இப்படி. மணமக்கள் நடுவில் ஆடுவார்கள். மற்றவர்கள் சுற்றி வட்டமாக நின்று கை தட்டுவோம். தட்டிக்கொண்டே ஓரடி, ஓரடியாக முன்னால் வருவோம். கடைசியில் இருவரும் அசையவே முடியாதபடி நெருக்கிவிடுவோம். பாட்டு முடியும்முன் வட்டம் அறுந்தால் கல்யாணமும் அறும் என்பார்கள்.

கம்பளிக் கால்களில் சத்தமே இல்லை. வயலினும் கைதட்டலும் மட்டும். பிறகு...

டக்... டக்... டக்...

இந்தத் தடவை சுவர் ஓரத்தில் இல்லை. வட்டத்துக்கு உள்ளே.

மெரேதேவின் காலைப் பார்த்தேன். கம்பளி. எஸ்கில் காலைப் பார்த்தேன். கம்பளி. சத்தம் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. மெரேதேவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் முதுகு என் பக்கம் திரும்பியது. வெள்ளைப் பட்டு உள்ளே அமுங்கியது. ஐந்து விரல் அகலத்துக்கு. எஸ்கிலின் இரண்டு கைகளும் எனக்குத் தெரியும் இடத்தில்தான் இருந்தன.

பயந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. எவளோ செத்துப்போன ஜமீன்காரி. வேலைக்காரி வம்சம் தன் தரையில் ஆடுவது பொறுக்கவில்லை. செத்தும் திமிர் அடங்கவில்லை. என் தங்கையைத் தொட இவள் யார்?

"நெருங்குங்க!" என்று கத்தினேன். "இன்னும் நெருங்குங்க! ரெண்டு பேருக்கு மேல எடமே இருக்கக் கூடாது!"

நெருங்கினார்கள்.

டக்டக்டக்... வேகமாக மாமாவின் பக்கம். அங்கிருந்து எதிர்ப்பக்கம். அங்கிருந்து... என் பக்கம்.

என் நெஞ்சில் ஏதோ முட்டியது.

நான் நகரவில்லை.

மறுபடி முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினேன்.

டக்...

நின்றுவிட்டது.

பாட்டு முடிந்தது. ஹுர்ரா போட்டார்கள். வழக்கப்படி எஸ்கிலைத் தூக்கி அவன் காலுறை நுனியைக் கத்தரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெயித்தது நாங்கள்.

மறுநாள் காலை மெரேதே காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என் முதுகுல ஒரு கை இருந்துச்சு."

தெரியும், நான்தான் அதை விரட்டினேன் என்றேன்.

"அது என்னைப் பிடிச்சு இழுக்கலக்கா. வெளிய தள்ளுச்சு. வட்டத்த விட்டு வெளிய போ போன்னு தள்ளுச்சு."

நேராக மியூசியத்துக்குப் போனேன். இங்கர் கம்பளி உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. ஜமீன்காரியா என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே துணி துவைத்த பெண்ணாம். பெரிய மனசு பண்ணி அவள் கல்யாணத்துக்குக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அவளிடம் இருந்தது மரக்கட்டைச் செருப்பு மட்டும்தான். அதோடு ஆடியிருக்கிறாள். ஆள் குள்ளம். வட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் நல்ல குடிபோதையில். வழி விடுங்கள், மூச்சு முட்டுகிறது என்று அவள் கத்தியது கைதட்டலில் கேட்கவில்லை.

"இத எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? தரை பழசுன்னா எவ கேப்பா?"

"எழுதினா எவ கல்யாணத்துக்கு எடுப்பா?" என்றார் இங்கர்.

என் தங்கைக்காக நின்றேன். அதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வால்ஸிலும் என் பக்கத்தில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் நிற்கிறேன். வட்டம் அறுகிறது, அபசகுனம் என்று கத்துகிறார்கள். கத்தட்டும். மூடச் சொல்லி ஒருவர் என்னைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தார். மூடவில்லை.

இங்கர் கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் மெரேதேவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பாட்டிலேயே உயிர் போய்விட்டதாம். விழ இடமில்லை. பாட்டு முடிந்து வட்டம் கலையும்வரை அவள் புருஷன் அவளோடு ஆடிக்கொண்டேதான் இருந்தானாம்.