வஞ்சிரத் தலை

பட்டினப்பாக்கம் மீன் கடையில் இன்று "தலையும் போடட்டாக்கா?" என்று அந்தப் பெண் வஞ்சிரத் தலையைத் தூக்கிக் காட்டியபோது, அதன் திறந்த வாயிலிருந்து வந்த வாடை என்னை எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இந்தக் கடைக்கு வரும் கார்கள் இன்று நிற்கும் இடத்தில்தான் அந்த வீடு இருந்தது. நைனா குஸ்தி ஷோ நடத்துகிறவர். முற்றமெல்லாம் உப்புக் காற்றில் துருவேறிய ரிங் கம்பங்கள், காயப்போட்ட கித்தானில் வியர்வையும் தைலமும் கலந்த நெடி. ஷோ அன்று பயில்வான்களுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். யார் ஜெயிப்பது என்று நைனா வாயால் சொன்னதே இல்லை. தோற்க வேண்டியவர் தட்டில் குழம்பிலிருந்து மீன் தலையை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அந்த மாமா ஒரு நொடி தட்டையே பார்ப்பார், பிறகு முள் முள்ளாக உறிஞ்சித் தின்றுவிட்டு, போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். சாயங்காலம் அவரைத்தான் தலைக்கு மேலே தூக்கி அடிப்பார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம், மீசைகூடச் சரியாக முளைக்காத என் அண்ணனும் அந்த வரிசையில் உட்கார்ந்தான். நைனாவின் கரண்டி அவன் தட்டுக்கு மேலே வந்து நின்றது.

"இன்னாய்யா இது, புள்ள காலைலேர்ந்து கழுத்து நோவுதுன்னு சொல்லிக்கினு கீறான்" என்றாள் அம்மா.

"துன்னட்டும்" என்றார் நைனா.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தட்டில் விழுந்த மீன் தலையை உடைத்தான்.

"தலை வேணாம்மா" என்றேன் கடைக்காரப் பெண்ணிடம். "நடுத்துண்டா போடு. முள்ளெடுத்து எங்கண்ணனுக்கு நான்தான் ஊட்டணும்."