சொந்த விருப்பத்தின்பேரில்

ஸ்டீபனின் கையெழுத்தைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளியில் அவனுக்கு எழுத்தர் வேலை கொடுத்தார்கள். முத்து முத்தாக எழுதுவான். பதினேழு வருடமாக அந்தக் கையெழுத்தை வைத்து அவன் செய்துவந்த காரியம்தான் அவ்வளவு அழகானதில்லை.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் நான்கு மாடிக் கட்டடம். வாசலில் வருடா வருடம் 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று ஒரு பிளக்ஸ். அதை நம்பித் திருமங்கலத்திலிருந்துகூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த நூறு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் மிச்சமுள்ளவர்கள் தேறத்தானே செய்வார்கள்? இதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, ஒரு சல்லடை போதாதா?

ஆனால் பெற்றோரே டி.சி. கேட்டதாகக் கடிதம் வேண்டும். அதையும் ஸ்டீபனே எழுதுவான். 'எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில்' என்று தொடங்கும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போட வேண்டும். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பான். ஈவிரக்கம் இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது; இருந்ததையெல்லாம் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டான். அவன் மகள் ஷெரினும் அங்கேதான் ஒன்பதாவது படித்தாள், கட்டணம் இல்லாமல். அதற்காக எல்லாவற்றையும் விழுங்கினான்.

இந்த மே மாதம் மலையம்மாள் வந்தாள். பல்கலைக்கழக விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். மகள் முத்துமீனா ஷெரினின் வகுப்பு. கடிதத்தை நீட்டியதும் அவள் பேனாவைத் தொடவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

வாசித்தான்.

"யாரு விருப்பம்?"

"எல்லாருக்கும் எழுதுறதுதாம்மா."

"எனக்கு அப்படி ஒரு விருப்பம் கெடையாது. நீங்களா எழுதுனா எப்புடி?"

"மார்க் பத்தலம்மா. ஐநூறுக்கு நூத்தித் தொண்ணூறு."

"உங்க ஷெரினு எம்புட்டு? நூத்தி அறுபத்திரெண்டுன்னு எம்மக சொன்னா. ரெண்டும் ஒரே பெஞ்சுலதான இருக்குதுக?"

பக்கத்து அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து தாளாளர் கூப்பிட்டார்.

அவருக்குக் கோபமே வரவில்லை. அந்த ஆளிடம் பயப்பட வேண்டியதே அதுதான்.

"உம்ம பொண்ணுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடும். அந்தம்மா கண்ணு முன்னாடி போடும். அப்புறம் என்ன பேசுதுன்னு பாப்போம்."

"சார், ஷெரின்..."

"வேலை வேணும்ல உமக்கு?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் எழுத உட்கார்ந்தான். பழகிய கை, எங்கும் நிற்கவில்லை. வழக்கம்போல முத்து முத்தாக எழுதி, கீழே 'மை. ஸ்டீபன்' என்று போட்டு மலையம்மாளிடம் காட்டினான்.

"பாருங்க, நானே போட்டுட்டேன். இப்பப் போடுங்க."

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை துளியும் இல்லை.

"பெத்த பிள்ளைக்கா போட்டீங்க? அது உங்க இஷ்டம். நான் திங்கக்கெழம கலெக்டராபீஸ்ல மனுக் குடுக்கப்போறேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

மனு என்றதும் தாளாளர் இறங்கிவந்தார். முத்துமீனாவைப் பத்தாம் வகுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். ஸ்டீபன் தன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டான்.

"அதான் ஃபைலுக்குப் போயிருச்சே. தேறாததுல ஒண்ணாவது குறையட்டும்."

ஷெரினின் டி.சி.யையும் அவனே எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவள் வாசலிலேயே நின்றாள். முத்துமீனா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

"அவங்கம்மா கையெழுத்துப் போடலையாமேப்பா? அவளை ஒண்ணும் செய்யலையாமே?"

ஸ்டீபன் டி.சி.யை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அப்ப நீ ஏம்ப்பா போட்ட?"